நீளமான லென்ஸ், சிறிய எண்: க்ளோஸ்-அப் லென்ஸால் பூச்சிகளைப் படமெடுக்கும் முறை

நாற்பதைத் தாண்டியவர்கள் நாளிதழைக் கை நீட்டிப் பிடித்துப் படிப்பார்கள். பிறகு ஒருநாள் வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டதும் எழுத்து பழையபடி பக்கத்தில் வந்துவிடும். கேமராவுக்கு வாங்கும் டெலி ஜூம் லென்ஸுக்குப் பிறவியிலேயே வெள்ளெழுத்து உண்டு, 55–250 மி.மீ. போன்ற ஒரு ஜூம் லென்ஸ், ஏறத்தாழ ஒரு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கும் எதன்மீதும் ஃபோகஸ் ஆக மறுத்துவிடும். அந்த லென்ஸின் முகப்பில் ஃபில்டர் மாட்டும் திருகிலேயே மாட்டிக்கொள்ளும் குவிலென்ஸைத்தான் க்ளோஸ்-அப் லென்ஸ் என்கிறோம். நெருக்கப் படங்களுக்கென்றே செய்த தனி மேக்ரோ லென்ஸ் வாங்கப் பணம் சேராதவர்களுக்கும், பணம் சேர்ந்தாலும் காடு மேடெல்லாம் கூடுதல் சுமை தூக்க மனமில்லாதவர்களுக்கும் சட்டைப்பையில் அடங்கும் இந்தச் சிறு கண்ணாடி போதும். ஆனால் எந்த எண் கொண்டதை எந்த லென்ஸோடு சேர்ப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நானும் தவறினேன்.

எண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். க்ளோஸ்-அப் லென்ஸின் விளிம்பில் +1, +2, +4, +10 என்று பொறித்திருப்பது டயாப்டர் கணக்கு. கண்ணாடிக் கடையில் 'பவர்' என்று சொல்லி எழுதித் தருவதும் இதே அலகுதான். 1000ஐ இந்த எண்ணால் வகுத்தால் அந்தக் கண்ணாடியின் குவியத்தூரம் மில்லிமீட்டரில் கிடைக்கும்: +1 என்றால் 1000 மி.மீ., +2 என்றால் 500, +4 என்றால் 250, +10 என்றால் 100. உங்கள் லென்ஸை முடிவிலியில் ஃபோகஸ் வைத்துவிட்டு முன்னால் இந்தக் கண்ணாடியை மாட்டினால், கண்ணாடியிலிருந்து சரியாக அந்தக் குவியத்தூரத்தில் இருக்கும் பொருள் மட்டுமே தெளிவாக விழும். அதாவது +2 மாட்டினால் ஒரு முழத்துக்குச் சற்று மேல், +4 மாட்டினால் ஒரு சாணுக்குச் சற்று மேல். இந்தத் தூரம் 50 மி.மீ. லென்ஸுக்கும் ஒன்றுதான், 300 மி.மீ. லென்ஸுக்கும் ஒன்றுதான். பூச்சி படத்தில் எவ்வளவு பெரிதாக விழும் என்பது மட்டுமே லென்ஸுக்கு லென்ஸ் மாறும். அதற்கான கணக்கும் எளிது. உங்கள் லென்ஸின் குவியத்தூரத்தைக் கண்ணாடியின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் வந்துவிடும், அதாவது சென்சாரில் விழும் உருவம் பூச்சியின் உண்மை அளவில் எத்தனை பங்கு என்பது.

நான் தவறியது இங்கேதான். முதன்முதலில் நான்கு கண்ணாடிகள் கொண்ட மலிவான பொட்டலம் ஒன்றை வாங்கி, எண் பெரிதாக இருந்தால் படமும் பெரிதாக இருக்கும் என்று நம்பி, கேமராவோடு வந்த 18–55 மி.மீ. லென்ஸில் +10ஐ மாட்டிக்கொண்டு காங்கேயம் பக்கம் ஒரு கொறங்காட்டில் (வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தில்) வெட்டுக்கிளியைத் தேடிப் போனேன். 50 மி.மீ. அளவில் +10 தருவது அரைப்பங்கு உருப்பெருக்கம். தூரமோ 10 செ.மீ. மட்டுமே. லென்ஸின் நிழல் முதலில் வெட்டுக்கிளியின்மேல் விழுந்தது, பிறகு வெட்டுக்கிளியே அங்கு இல்லை. அன்று முழுவதும் கொழுக்கட்டைப் புல்லைத்தான் படமெடுத்துத் திரும்பினேன். அதே அரைப்பங்கு உருப்பெருக்கத்தை 250 மி.மீ. அளவில் +2 மாட்டியும் பெறலாம் என்பதும், அப்போது பூச்சிக்கும் எனக்கும் இடையே 50 செ.மீ. இருந்திருக்கும் என்பதும் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் உறைத்தது. படத்தில் பூச்சி அதே அளவு. விலகி நிற்கும் தூரம் ஐந்து மடங்கு. எனவே எண்ணைப் பெரிதாக்காதீர்கள், லென்ஸை நீளமாக்குங்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

நீளமான லென்ஸால் இன்னொரு நன்மையும் உண்டு. அதன் பார்வைக்கோணம் குறுகியது என்பதால் பூச்சிக்குப் பின்னால் சிறிய பரப்பே படத்தில் விழுகிறது; அரை அடி நகர்ந்தால் பின்னணியில் இருந்த காய்ந்த சோளத்தட்டு விலகி, பச்சை நிறம் மட்டும் நிற்கும். குறுகிய லென்ஸில் வேலி, கம்பி, தென்னை, பக்கத்துத் தோட்டத்துச் சாளை வீடு எல்லாமே பின்னால் வந்து நிற்கும்.

எதை வாங்குவது

ஒற்றைக் கண்ணாடித் துண்டால் ஆனவை, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துண்டுகளால் நிறம் திருத்தப்பட்டவை என இவை இரு வகைப்படும். ஒற்றைக் கண்ணாடி எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. ஆதலால் வெள்ளை இறகின் ஓரத்தில் ஊதாவோ பச்சையோ கசிந்து நிற்கும், படத்தின் மூலைகள் மாவுபோலக் குழைந்துவிடும். எண் கூடக்கூட இக்குறை கடுமையாகும். அத்துடன் நீளமான லென்ஸில் இன்னும் பெரிதாகத் தெரியும். நீளமான லென்ஸையே பயன்படுத்துங்கள் என்று நான் சொல்வதால், நிறம் திருத்தப்பட்ட 'அக்ரோமேட்' வகையையே வாங்குங்கள் என்று சொல்வதும் என் கடமையாகிறது. பொட்டலத்தில் வரும் நான்கின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றே பல மடங்கு விலை கூடியது. ஆனாலும் அந்த நான்கில் +10ஐ மீண்டும் தொடமாட்டீர்கள், +1ஐ மறந்துவிடுவீர்கள். கையில் ஏற்கெனவே ஒற்றைக் கண்ணாடி இருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. +2ஐ மட்டும் வைத்துக்கொண்டு, அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) எஃப் 11க்குச் சுருக்கி, பூச்சியைப் படத்தின் நடுவில் வைத்தால் கண்ணுக்கு உறுத்தாத படம் கிடைக்கும்.

அக்ரோமேட் வகையில் கேனான் நிறுவனத்தின் 500டி, 250டி இரண்டும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. இவற்றின் எண் டயாப்டரைக் குறிப்பதன்று, குவியத்தூரத்தை மில்லிமீட்டரில் குறிப்பது. ஆகவே 500டி என்பது +2, 250டி என்பது +4. இதே பெயர்களில் அந்நிறுவனத்தின் கேமராக்களும் இருப்பதால், இணையக் கடையில் தேடும்போது கண்ணாடிக்குப் பதில் கேமரா வந்து நிற்கும். 'க்ளோஸ்-அப் லென்ஸ்' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடவேண்டும். திருகு பொருந்தினால் எந்த நிறுவனத்தின் லென்ஸிலும் இவற்றை மாட்டலாம். நிக்கான் வெளியிட்ட 5டி (5T), 6டி (6T) ஆகியவை 62 மி.மீ. திருகு கொண்டவை, முறையே +1.5, +2.9 வலுவுள்ளவை, பழைய பொருள் விற்பவர்களிடம் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ரேநாக்ஸ் நிறுவனத்தின் டிசிஆர்-150 ஏறத்தாழ +4.8, டிசிஆர்-250 ஏறத்தாழ +8. இவற்றைத் திருகாமல், இரு பக்கமும் அழுத்திக் கவ்வவிடும் வளையத்தின் மூலம் 52 முதல் 67 மி.மீ. வரையிலான எந்தத் திருகிலும் மாட்டிவிடலாம் என்பதால், வண்ணத்துப்பூச்சி ஒரு நொடியும் சிலந்தி மறு நொடியும் எதிர்ப்படும் இடங்களில் கழற்றி மாட்டுவதற்கு இவை வசதியானவை. முதலில் ஒன்றே ஒன்று வாங்குவதாயின், 200 முதல் 300 மி.மீ. வரை நீளும் ஜூம் வைத்திருப்பவர் +2 முதல் +4க்குள் வாங்குவது நல்லது.

திருகின் அளவு லென்ஸ் மூடியின் உட்புறத்திலோ லென்ஸின் முகப்பிலோ விட்டக் குறியுடன் எழுதப்பட்டிருக்கும். கண்ணாடி பெரிதாகவும் லென்ஸ் சிறிதாகவும் இருந்தால் இடையில் ஒரு ஸ்டெப்-அப் வளையம் போட்டால் சரியாகிவிடும். ஆகையால் உங்களிடமுள்ள லென்ஸ்களில் பெரிய திருகுக்குப் பொருந்தும் கண்ணாடியை வாங்கிக்கொள்வது சிக்கனம். இரண்டு கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினால் எண்கள் கூடும். எண் பெரியது லென்ஸை ஒட்டியும் சிறியது வெளியிலும் இருக்கவேண்டும். மூன்றை அடுக்குவது வேண்டாத வேலை.

வெளிச்சம் குறைவதில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் மாட்டும் எக்ஸ்டென்ஷன் குழாயில் முழு உருவளவுக்குப் போனால் ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் வெளிச்சம், அதாவது முக்கால் பங்கு, போய்விடும். க்ளோஸ்-அப் லென்ஸில் அந்த இழப்பு இல்லை. கருவியைத் திறந்து தூசியை உள்ளே விடவேண்டிய தேவையும் இல்லை. செம்மண் புழுதி பறக்கும் பல்லடம், தாராபுரம் காடுகளில் இது சிறிய நன்மை அன்று.

களத்தில் கையாளும் முறை

வீட்டிலேயே ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். மேசைமேல் ஓர் அளவுகோலை வைத்து, ஜூமை முழுவதும் நீட்டி, ஃபோகஸைக் கைமுறைக்கு மாற்றி, முடிவிலியில் நிறுத்தி, அளவுகோல் தெளியும்வரை முன்னும் பின்னும் நகருங்கள். எத்தனை மில்லிமீட்டர் படத்தின் அகலத்தில் அடங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 23.5 மி.மீ. அகலமுள்ள ஏபிஎஸ்-சி வகை சென்சாரில், 200 மி.மீ. அளவில் +2 போட்டால் ஏறத்தாழ 59 மி.மீ. அகலமும், +4 போட்டால் ஏறத்தாழ 29 மி.மீ. அகலமும் அடங்கும். முன்னது சிறகை மூடி எருக்கம்பூவில் அமர்ந்திருக்கும் வெந்தய வரியனுக்கு ஏற்றது. பின்னது தரையோடு தரையாகப் பறக்கும் நகத்தளவு நீலன்களுக்கும், முசுறு எறும்புக்கும், அந்த எறும்பைப் போலவே வேடமிட்டு அதன் கூட்டருகே திரியும் குதிக்கும் சிலந்திக்கும் ஏற்றது. இந்த இரண்டு அளவுகளும் மனத்தில் பதிந்துவிட்டால், பூச்சியைக் கண்டதும் எதை மாட்டுவது என்று யோசித்து நிற்கவேண்டியதில்லை.

களத்தில் ஆட்டோ ஃபோகஸ் பெரும்பாலும் காலைவாரும். கண்ணாடி மாட்டிய பிறகு லென்ஸ் தெளிவாகப் பார்க்கக்கூடிய எல்லை மிகக் குறுகிவிடுகிறது. 55–250 போன்ற லென்ஸில் +4 மாட்டினால் அது ஏறத்தாழ 25 செ.மீ.இல் தொடங்கி, 20 செ.மீ.க்குச் சற்றுக் கீழே முடிந்துவிடும். இந்தச் சிறு எல்லைக்கு வெளியே பூச்சி இருந்தால் லென்ஸ் முன்னும் பின்னும் தேடி ஓய்ந்துபோகும். ஆகையால் ஃபோகஸ் வளையத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு உடம்பையே நகர்த்துங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டியோ முழங்காலில் ஊன்றியோ வைத்து, மூச்சைப் பாதி விட்டு, நெற்றி முன்னே போவதுபோல் மிக மெதுவாகச் சாய்ந்து, பூச்சியின் கண் தெளிகிற கணத்தில் மூன்று அல்லது நான்கு படங்களைத் தொடர்ச்சியாக எடுங்கள். அவற்றில் ஒன்று தேறும். ஒன்றும் தேறாத நாள்களும் உண்டு.

பூச்சியைக் கண்டுபிடிப்பதே தொடக்கத்தில் பெரும்பாடாக இருக்கும். வ்யூஃபைண்டரில் எங்கு பார்த்தாலும் பச்சைக் கலங்கல்தான் தெரியும். ஜூமைக் குறைத்து அகலமாகப் பார்த்து, பூச்சியை நடுவில் கொண்டுவந்து, தூரத்தைச் சரிசெய்த பிறகு ஜூமை நீட்டுங்கள். முன்பு சொன்னபடி தெளியும் தூரம் கண்ணாடியைப் பொறுத்ததே ஆகையால், ஜூமை நீட்டினாலும் அது பெரும்பாலும் மாறாது. சில லென்ஸ்களில் சற்று விலகும், அதைத் தலையசைவிலேயே சரிசெய்துவிடலாம். அகலமான நிலையில் மூலைகள் கறுத்துத் தெரிந்தால் அஞ்சவேண்டாம், நீட்டியதும் மறைந்துவிடும்.

தெளிவின் ஆழத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். அரைப்பங்கு உருப்பெருக்கத்தில் எஃப் 11 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு, 0.8 பங்கில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்துவிடும். தும்பியின் கண் தெளிந்தால் வால் மங்கும், வால் தெளிந்தால் கண் மங்கும். அப்பர்ச்சரைச் சுருக்கிக்கொண்டே போவது இதற்குத் தீர்வாகாது. எஃப் 16ஐத் தாண்டினால் ஒளியின் விளிம்பு விளைவால் (சிறு துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவுவதால்) படம் முழுவதும் மென்மையாகிவிடும். தீர்வு கோணத்தில் இருக்கிறது. சிறகை மூடிய வண்ணத்துப்பூச்சியை நேர் பக்கவாட்டில் நின்று, கேமராவின் முதுகு சிறகின் தளத்துக்கு இணையாக இருக்குமாறு எடுத்தால், அதே ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்தில் முழுச் சிறகும் அடங்கிவிடும். சிறகை விரித்தமர்ந்தால் மேலிருந்து, ஊசித்தட்டான் என்றால் அதன் நீண்ட உடலுக்கு நேர் பக்கவாட்டில். கும்பிடுபூச்சி நேருக்கு நேர் பார்த்தால் இந்த விதியைக் கைவிட்டு, இரு கண்களையும் மட்டும் தெளியவைத்து மற்றதை மங்கவிடுங்கள். அதன் முகத்துக்கு அது போதும்.

ஷட்டர் வேகம் கையில் பிடித்தெடுக்கும்போது 1/250க்குக் குறையவேண்டாம். காற்று இருந்தால் 1/500. ஐ.எஸ்.ஓ.வை (சென்சாரின் ஒளியுணர்வு அளவை) 800, 1600 என்று ஏற்ற அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். புள்ளி விழுந்த தெளிவான படத்தைச் சரிசெய்யலாம், அசைந்த படத்தை எவராலும் சரிசெய்ய முடியாது. லென்ஸிலுள்ள அதிர்வு தடுப்பு இவ்வளவு நெருக்கத்தில் அரைகுறையாகவே உதவும், ஏனெனில் அது கை சாய்வதைத் தடுக்குமே ஒழிய, உடல் முன்னும் பின்னும் ஆடுவதைத் தடுக்காது. தரையில் கிடக்கும் பூச்சிகளுக்கு முக்காலியைவிடப் பழைய ஜீன்ஸ் பேண்டின் காலை வெட்டி, ராகியோ கொள்ளோ நிரப்பி, இரு முனையும் தைத்த சிறு மூட்டை சிறந்தது. மழை விட்ட முதல் நாள்களில் செம்மண்ணில் ஊரும் சிவப்பு வெல்வெட் போன்ற பட்டுப்பூச்சியை அதன் மட்டத்திலேயே எடுக்க இதைக்காட்டிலும் நல்ல கருவியை நான் கண்டதில்லை.

காலமும் காற்றும்

கொங்கு நாட்டில் பூச்சிப் படம் எடுப்பவர் பஞ்சாங்கத்தையும் பார்க்கவேண்டும். வைகாசி தொடங்கி ஆவணி முடியும்வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஓயாது வீசுகிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பகுதிகளில் காற்றாலைகளை வரிசையாக நட்டு வைத்திருப்பதும் இக்காரணத்தால்தான். ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் வேலை செய்பவருக்குப் புல் ஒரு விரலளவு ஆடினாலும் படம் இல்லை. அந்த மாதங்களில் எழுந்திருக்கும் நேரம்தான் கைகொடுக்கும்: விடிந்து ஒன்றரை மணி நேரம் வரை, அதுவும் கிளுவை வேலியின் மறைப்பில். ஒரு குச்சியின் நுனியில் துணி க்ளிப்பைக் கட்டி, குச்சியை மண்ணில் ஊன்றி, பூச்சி அமர்ந்திருக்கும் தண்டின் அடிப்பகுதியை மட்டும் மெல்லக் கவ்வவைத்தால் ஆட்டம் பெருமளவு அடங்கும்.

ஐப்பசி மழைக்குப் பின், கார்த்திகை முதல் தை வரையிலான பனிக்காலமே நமக்கு அறுவடை. இரவுக் குளிரில் உடல் விறைத்த தும்பியும் வண்ணத்துப்பூச்சியும் வெயில் ஏறும்வரை பறப்பதில்லை. மேலெல்லாம் பனித்துளி கோத்து அமர்ந்திருக்கும். ஈரோட்டில் காலிங்கராயன் வாய்க்கால் கரை, கோவையில் சிங்காநல்லூர் குளக்கரை போன்ற நீர்நிலை ஓரங்களில் கோரைப்புல்லை இடுப்பு மட்டத்தில் மெதுவாகப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் காய்ந்த கிலுகிலுப்பைச் செடியைக் கண்டால் அங்கேயே நில்லுங்கள். அதன் சாற்றிலுள்ள ஆல்கலாய்டுக்காக வரியன் இனத்து ஆண் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக வந்து ஒட்டிக்கொள்ளும், அப்போது அவை மனிதரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வீட்டை விட்டு நகர முடியாதவர்கள் கொல்லையிலுள்ள கறிவேப்பிலைச் செடியைப் பார்க்கலாம். எலுமிச்சை அழகியின் புழு, பறவை எச்சம் போன்ற நிறத்திலிருந்து பச்சை நிறத்துக்கு மாறுவதை நாள்தோறும் எடுக்கலாம்.

ஒன்பது மணிக்கு மேல் வெயில் வெள்ளையாகிவிடும். பூச்சியின் முதுகு வெளுத்து, வயிறு கறுத்து நிற்கும். ஒரு கையகலமுள்ள வெள்ளை பிளாஸ்டிக் தாளையோ எண்ணெய்த் தாளையோ வெயிலுக்கும் பூச்சிக்கும் இடையில் பிடித்தால் இந்தக் கடுமை தணியும், ஆனால் அந்த நிழலைப் பூச்சி கவனிக்காதபடி மெல்லக் கொண்டுவரவேண்டும். ஃப்ளாஷ் பயன்படுத்துபவர்கள் கேமராமேல் எழும் சிறு ஃப்ளாஷை நம்பவேண்டாம், லென்ஸின் நிழல் பூச்சிமேல் விழும். தனி ஃப்ளாஷின் தலையை முன்புறம் சாய்த்து, அதன்முன் வெள்ளைத் தாளை வளைத்துக் கட்டி, ஒளி லென்ஸின் முனைக்கு அப்பால் இறங்குமாறு செய்யுங்கள்.

தோட்டம் யாருடையதோ அவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு உள்ளே போவது முறை. கேட்காமல் வரப்பில் குப்புறப் படுத்திருந்த என்னை ஒரு பெரியவர், "ஏனுங் தம்பி, என்னத்தத் தொலச்சுப் போட்டீங்க?" என்று கேட்டிருக்கிறார், கேமராவில் அவருடைய எருக்கம்புதரின் வண்ணத்துப்பூச்சியைக் காட்டிய பிறகு, அடுத்த வரப்பில் இன்னும் நிறைய இருக்கின்றன என்று அவரே அழைத்துப் போனார். சத்தியமங்கலம், ஆனைமலை புலிகள் காப்பகங்களுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி இறங்கக்கூடாது. வறண்ட காடுகளில் மண்டியிடுமுன் புல்லைக் குச்சியால் விலக்கிப் பாருங்கள். சுருட்டைவிரியன் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மயக்கி எடுப்பவர்களும், கிளைக்கு மாற்றி ஒட்டி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் படங்களில் கால்கள் நிற்கும் விதமே காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வீடு திரும்பியதும் கண்ணாடியைக் கழற்றி, ஊதுகுமிழால் மண்ணை ஊதிவிட்ட பிறகே மென்துணியால் துடையுங்கள். திருப்பூர்ப் பக்கம் எளிதாகக் கிடைக்கும் பனியன் வேஸ்ட் துணி பார்க்க மென்மையாக இருந்தாலும் அதில் என்னென்ன ஒட்டியிருக்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே அதைப் பைக்கு வெளியிலேயே வைத்திருங்கள். பனியில் நனைந்ததை உடனே மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். நிழலில் சற்று நேரம் உலரவிடவேண்டும். சில நாள்களில் வளையம் லென்ஸோடு இறுகிக்கொண்டு கழல மறுக்கும். பதற்றத்தில் இரு விரலால் அழுத்திப் பிடித்தால் வளையம் நெளிந்து மேலும் இறுகும். அகலமான ரப்பர் பேண்டு ஒன்றை விளிம்பைச் சுற்றிப் போட்டு, உள்ளங்கை முழுவதும் சமமாகப் படுமாறு வைத்து, அழுத்தாமல் இடப்பக்கமாகத் திருப்பினால் கழன்றுவிடும்.